குண்டூசியக்காவைத் தேடுகிறவர்கள்

காலையில் கடைக் கதவு பாதிதான் திறந்திருக்கும். விளக்கு போட்டிருக்காது, தையல் மெஷினை மூடிய துணிகூட அப்படியே கிடக்கும். குண்டூசியக்கா நின்ற வாக்கிலேயே செல்போனில் தன்னைத் தேடிக்கொண்டிருப்பார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வந்து விழுகிற பதில்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பிறந்தநாள் கவுன் வரும், பள்ளிச் சீருடை வரும், பூனைக்குட்டிக்குப் போடுகிற ஸ்வெட்டர்கூட வரும். அக்கா மட்டும் வரமாட்டார்.

“இன்னிக்கும் நான் இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் போடுவார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சாவி செய்கிறவர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே செருகி வைத்தது போலிருக்கும் அவர் கடை. புதுத் துணி தைப்பதை எப்போதோ விட்டுவிட்டார். பேன்ட்டின் நீளம் குறைப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இடுப்பைப் பிரித்து விடுவது, இப்படி அடுத்தவர் தைத்ததைச் சரிசெய்கிற வேலைதான். வேலை நடக்கும்போது உதட்டிடுக்கில் குண்டூசிகள் வரிசையாக நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். வாயைத் திறக்க முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ம்’ தான் பதில். அதில் ஏகப்பட்ட வகை உண்டு. குட்டையாக வந்தால் சரி என்று அர்த்தம். மூக்கு வழியாக இழுத்துக்கொண்டு வந்தால், இந்தத் துணி இனி தேறாது. அடுத்தடுத்து இரண்டு வந்தால், எதிரே நிற்கிறவர் நன்றாகவே பெருத்துவிட்டார். அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்பது அக்காவின் கட்சி.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பாதி தைத்ததை யார் கண்ணிலும் காட்டமாட்டார். வாடிக்கையாளர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், பக்கத்திலிருக்கும் வெள்ளைத் துணியை எடுத்துப் பொத்தென்று மேலே போட்டு மூடிவிடுவார். “முடிஞ்சப்புறம் பாருங்க. பாதியில பாத்தா பாதி மனசுதான் வரும்” என்பார். கடைசியில் இந்தப் பிடிவாதமே அவருக்கு வினையாக முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையின் பின்பகுதியில் ஒரு திரை தொங்குகிறது. அதற்கு அப்பால் ஒரு மர அலமாரி. அதில் அடுக்கியிருக்கிற சட்டைகளை முதல் முறை பார்க்கிறவர்கள் “ஐயோ, எவ்வளவு அழகு! பொம்மைக்கா?” என்று கேட்டு மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அக்காவிடம் எந்த வகை ‘ம்’மும் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அவை பொம்மைக்கு அல்ல. எதிர்வரிசை வீட்டு நர்ஸ் ஒருநாள் சீருடையின் கையைப் பிரித்து விடச் சொல்லிக் கொண்டுவந்தவர், பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார்.

“மாசம் நிறையறதுக்கு ரொம்ப முன்னாடியே பொறந்து, தங்காம போயிடுற குழந்தைங்க இருக்கில்லக்கா, அதுங்களுக்குப் போட்டு அனுப்ப ஒரு துணி கிடைக்காது. எந்தக் கடையிலயும் அந்த அளவுக்குத் தைக்கறதில்ல. அப்பாக்காரங்க அலைஞ்சு திரிஞ்சு கடைசியில பொம்மைத் துணி வாங்கிட்டு வந்து நிப்பாங்க.”

அக்கா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒன்றுவிடாமல் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பொம்மைத் துணியா? புள்ளைக்கா?”

அதில் என்ன சரிகை, என்ன நைலான், முதுகில் எப்படி ஒட்டுப்பட்டை என்று நர்ஸ் சொல்லச் சொல்ல அக்காவுக்குக் கோபம் ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். நர்ஸ் மேல் கோபப்பட முடியாது, அந்த அப்பாக்காரர்கள் மேலும் முடியாது. ஊரில் இத்தனை மெஷின் ஓடுகிறது, ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை என்று அன்று முழுக்கத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தனக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

மறுநாளே தைக்க உட்கார்ந்துவிட்டார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி. தையலின் தடிப்பு உடம்பில் படக் கூடாதென்று அதை வெளிப்பக்கம் வைத்தார். அந்தக் குழந்தைகளின் கைகளைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்க முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், சட்டையைப் பூவிதழ் மாதிரி முழுக்க விரிகிறபடி வெட்டினார். குழந்தையை அதன்மேல் கிடத்திவிட்டு, இரண்டு பக்கமும் மடக்கி, நாடாவால் முடிந்தால் போதும். பொத்தான் இல்லை, கொக்கி இல்லை. கேட்டு வருகிறவர்களிடம் காசும் வாங்குவதில்லை.

“உங்களுக்கும் முன்னாடி இப்படி ஏதாவது…” என்று குரலைத் தாழ்த்தி இழுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்ல கதையாக ஒன்று வேண்டும். அக்காவிடம் அது இல்லை.

“எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரே பையன், சுகமா பொறந்து, தடியனா வளந்து, வெளியூர்ல வேலை பாக்கறான். ஏன், பல் டாக்டருக்குப் பல் வலிச்சாத்தான் நமக்குப் பல்லு பாப்பாரா?”

நர்ஸின் வார்டில் இருந்தவர்களுக்கு நர்ஸ் சொன்னார். ஆனால் நர்ஸ் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியில்தான். மற்ற ஆஸ்பத்திரிகளில் படுத்திருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? போர்டு எழுதி மாட்டுகிற விஷயமா இது? “இப்பல்லாம் எது வேணும்னாலும் போன்லதானே தேடறாங்க. அதுல நீங்க இருக்கணும்க்கா” என்றார் நர்ஸ். அக்காவுக்கும் அது சரியென்று பட்டது. கொழுந்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கொழுந்தனார் விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ், பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கு வெப்சைட்டும் செய்து தருவார். தங்கமான மனிதர். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. “ஜமாய்ச்சுடலாம் அண்ணி” என்று உட்கார்ந்தவர், நல்ல வெளிர்நீலத்தில் பக்கத்தை அமைத்தார், படங்களை ஏற்றினார், தேடுகிறவர்களுக்கு அதைக் காட்டச் சொல்லித் தேடுபொறியில் விண்ணப்பமும் போட்டார். என்ன எழுதுவது என்று கேட்டபோது அக்கா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார்: ‘சீக்கிரம் வந்துவிட்ட சின்னப் பூக்களுக்குச் சட்டை.’

“அழகா இருக்கு அண்ணி” என்றார் கொழுந்தனார். அழகாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்தக் காலைத் தேடல் தொடங்கியது. வாரங்கள் போயின, மாதமும் மாறியது. அக்கா இல்லை, இல்லை, இல்லவே இல்லை.

“தேடுபொறிக்குன்னு ஒரு ஆளு இருக்கிற மாதிரி அண்ணி. ஆளு இல்ல, புரோகிராம். அது ஒவ்வொரு பக்கமா போய்ப் பாத்துட்டு வந்து தன் பட்டியல்ல சேத்துக்கும். நாம சொல்லியாச்சு. வரும்.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும் அண்ணி. உலகத்துல எவ்வளவு பக்கம் இருக்கு, பாவம்.”

“கடை அடையாளம் தெரியாம சுத்துதோ என்னவோ” என்று அக்கா கவலைப்பட்டார். கேலியில்லை, நிஜமான கவலை. கொழுந்தனார் இன்னொரு முறை விண்ணப்பம் போட்டார். தன் கடையின் பக்கத்தில், பேனர்களுக்குக் கீழே, அக்காவின் பக்கத்துக்கு வழி காட்டி ஒரு வரி சேர்த்தார். அப்படிச் சேர்த்தால் அந்தப் புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டு வரும் என்றார். அதுவும் வரவில்லை. யாரோ ஒருத்தர் இந்த நேரம் பொம்மைக் கடையில் நின்றுகொண்டிருப்பாரே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அக்காவின் மெஷின் ஒரு கணம் நின்று ஓடும்.

கடையின் போன் எண்ணை மாற்ற வேண்டியிருந்ததால் ஒரு மத்தியானம் கொழுந்தனார் மடிக்கணினியோடு வந்தார். வெப்சைட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். அவர் பேச்சு பாதியில் நின்று அக்கா பார்த்ததேயில்லை. நிமிர்ந்தால், மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்’ என்று திரையில் ஒரு வரி. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஒரு டிக்.

“அண்ணி… ஆரம்பத்துல நீங்க சொன்னீங்களே, முடியற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னு. அப்ப நான் போட்டது. முடிஞ்சதும் எடுத்திருக்கணும்.” அவர் தலை தொங்கிவிட்டது. “பட்டியல்ல சேக்க முடியலன்னு தேடுபொறிக்காரங்க மெயில்கூட போட்டிருக்காங்க. விளம்பர மெயிலோட சேந்து கிடக்கு, நான் திறக்கவே இல்ல.”

வாசலில் ஆள் நிற்க வைத்து, ‘உள்ளே வராதே’ என்று சொல்லிவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார்கள். அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாக்கு நுனிவரை நாலு வார்த்தை வந்துவிட்டது. ஆனால் பக்கத்து மேசையில் பாதி தைத்த பேன்ட்டின்மேல் தானே போர்த்திய வெள்ளைத் துணி கிடந்தது. அதைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை.

“மூடச் சொன்னவ நான்தானே” என்றார். “தலையைத் தொங்கப் போடாதப்பா. முதல்ல அந்த டிக்கை எடு.”

அந்த வாரமே ஒரு காலையில் அக்கா வந்துவிட்டார். ‘சின்னப் பூக்களுக்குச் சட்டை’ என்று குத்தியதும் முதல் வரியிலேயே அவர் கடை! போனைத் தூக்கிக்கொண்டு சாவிக்காரர் கடைக்கு ஓடினார். சாவிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அக்கா சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கொழுந்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் போன் மணி அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் ஜிப் ரெடியா என்று கேட்கிறவர்கள்தான்.

ஒரு சாயங்காலம் நர்ஸ் வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஒருத்தர் வார்டு வராண்டா பெஞ்சுல உக்காந்து போன்ல தேடிட்டிருந்தாருக்கா. நான் ஒரு பேஷன்ட்டத் தள்ளிட்டு ஓடிட்டிருந்தேன். தாண்டும்போது திரையில என்னன்னு பாத்துட்டேன். இதோ வந்து சொல்லிடறேன்னு நெனச்சேன். அங்க அந்த பேஷன்ட்டுக்கு ரத்தம் நிக்கல, என்னால வர முடியல. திரும்பி வந்தா, கிளம்பிட்டாங்க. ஆஸ்பத்திரித் துண்டுல சுத்திக் கொண்டுபோயிட்டாங்க.”

“என் பக்கம் அவருக்கு வரலையா? இப்ப வருதே! முதல் வரியிலயே வருதே!”

“நீங்க எழுதின மாதிரி அடிச்சா வரும்க்கா. அவர் அப்படி அடிக்கல.” நர்ஸ் கையிலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “‘இறந்து பிறந்த குழந்தைக்குச் சட்டை’ன்னு அடிச்சிருந்தாரு.”

அக்கா அந்தச் சொல்லை வாயால் சொல்பவர் அல்ல. துணி வாங்க வந்த யாரிடமும் சொன்னதில்லை. தங்காத குழந்தை, சீக்கிரம் வந்த குழந்தை, பூ, இப்படி ஏதாவது சொல்லித்தான் நகர்ந்து போவார். ஏற்கெனவே நொந்து வருகிறவர்களின் முன்னால் அதை நான் வேறு எழுதிவைப்பேனா என்று கேட்டார்.

“அதைப் படிச்சதும் அவங்களுக்கு எப்படி இருக்கும்? வேற யாராவது எழுதட்டும். எனக்கு மனசு வராது.”

“அவங்களே அடிச்சுட்டாங்களேக்கா” என்றார் நர்ஸ். “அந்த மனுஷன் தன் கையாலயே ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. இதுல நீங்க புதுசா என்ன சொல்லிடப் போறீங்க? அவர் வந்து நிக்கற இடத்துல நீங்க நிக்கணும், அவ்வளவுதான்.”

நர்ஸ் குடிக்காமலே தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

அன்று கடை சாத்துகிற வரைக்கும் மெஷின் ஓடவில்லை. மறுநாள் கொழுந்தனார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் அடிச்சுடறேன் அண்ணி, நீங்க பாக்க வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றார். அப்படிச் சொல்கிற மனசு அவருக்கு இருந்தது.

“வேண்டாம். தள்ளு” என்றார் அக்கா.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ‘சீக்கிரம் வந்துவிட்ட சின்னப் பூக்கள்’ ஒவ்வொன்றாக அழிந்தன. முதல் எழுத்துக்கே விரல் அந்தரத்தில் நின்றது. குத்தினார். அடுத்தது. அடுத்தது. அந்த மனிதர் தேடிய வரி முழுதாக வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இப்படி எழுதினார்:

‘இறந்து பிறந்த குழந்தைக்குச் சட்டை இங்கே இருக்கிறது. எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும் இருக்கிறது. அளவு தெரியாவிட்டால் பரவாயில்லை. போன் பண்ணுங்கள்.’

கொழுந்தனார் பேசாமல் வாங்கி, திரும்பவும் விண்ணப்பம் போட்டார். பக்கம் மாறியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேடுபொறிக்குச் சொல்கிற விண்ணப்பம். டிக் எதுவும் எங்கேயும் இல்லையே என்று ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துக்கொண்டார். அக்கா அதற்கப்புறம் காலையில் தன்னைத் தேடுவதை விட்டுவிட்டார். அந்த வரியை ஒரு முறை அடித்ததே போதும் என்று இருந்திருக்கும்.

ஒருநாள் போன் மணி அடித்தபோது அவர் ஒரு பேன்ட்டின் அடியை மடித்துக்கொண்டிருந்தார். தெரியாத எண். எதிர்முனையில் ஓர் ஆணின் குரல். பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம்.

“நெட்ல பாத்தேன்… சட்டை இருக்குன்னு…”

“இருக்கு. சொல்லுங்க.”

“அளவு எனக்குத் தெரியல.”

“தெரியாட்டா பரவால்ல. உங்க கையை நீட்டிப் பாருங்க. குழந்தை எங்கேருந்து எதுவரைக்கும் வரும்?”

மூச்சு மட்டும் கேட்டது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

“விரல் நுனிலேருந்து… மணிக்கட்டு தாண்டி… கொஞ்சம்தான் தாண்டி.”

“பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

“வாங்க. நான் கடையிலதான் இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் இருப்பேன்.”

அவர் சொன்னது நகரத்தின் மறுகோடியிலிருக்கிற ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். நர்ஸ் வேலை செய்கிற இடமில்லை அது. அங்கே அக்காவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அவர் வந்து சேர்ந்தபோது கொழுந்தனாரும் கடையில் இருந்தார். வாசலில் நின்ற மனிதருக்கு முப்பது வயது இருக்கலாம். சட்டைப் பொத்தான்களைத் தப்பான துளைகளில் மாட்டியிருந்தார். அதைப் பற்றி யாராவது சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. எந்த வரியை அடித்து வந்தார் என்று கேட்டுவிட வேண்டுமென்று கொழுந்தனாருக்கு வாய் பரபரத்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தார். கொழுந்தனார் வெளியே போய் நின்றுகொண்டார்.

அக்கா திரைக்குப் பின்னால் போய், வெள்ளையில் ஒரு சட்டையை எடுத்து வந்தார். அதில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த மனிதர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்க. அலமாரியில இருந்து துணி சில்லுன்னு கிடக்கு.”

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். சட்டையை மேசையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், நாடாக்கள் எல்லாவற்றையும் மெதுவாகத் தேய்த்தார். அந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா சட்டையை மடித்து எடுத்துத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். சூடு கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. உதட்டருகே பிடித்து மெல்ல ஊதினார். மறுபடி கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் அந்தக் கைகளில் வைத்தார்.